தரம் 4 இல் இந்த வாரம் நீர்

வன்னி வகுப்பறைகள் – 9

இந்த வாரம் தரம் 4 பிள்ளைகளுக்குப் பாடம் நீர். திங்கள் முதல் வெள்ளி வரை அதுவே. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடத்தில் வரும் தொனிப்பொருள் அது. நான் போயிருந்த வகுப்பின் ஆசிரியை அதை அந்தப் பாடவேளையோடு நிறுத்தவில்லை. தமிழிலும் நீர், கணிதத்திலும் நீர், சித்திரத்திலும் நீர். கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுக் குளத்தின் வாய்க்கால் ஒன்றுக்கு அருகே இருக்கும் சிறிய அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலை அது. ஒரே ஆசிரியர் இரண்டு தரங்களைச் சேர்த்து வைத்துக் கற்பிக்கும் வகுப்பைச் சென்ற வாரம் பார்த்தோம். ஒரே பொருளை எல்லாப் பாடங்களுக்குள்ளும் எடுத்துச் செல்லும் வகுப்பை இந்த வாரம் பார்ப்போம்.

இப்படிக் கற்பிப்பது அந்த ஆசிரியையின் சொந்தக் கண்டுபிடிப்பன்று. எங்கள் ஆரம்பக் கல்வியின் அடிப்படையே அதுதான். 1998 இல் கம்பகா மாவட்டத்தில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி 1999 இல் நாடு முழுவதற்கும் வந்த சீர்திருத்தம், சின்னப் பிள்ளைகளின் கற்றலை மூன்றாக வகுத்தது: விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை. தரம் 1, 2 இல் விளையாட்டுக்கு முதலிடம். தரம் 3, 4 இல் மூன்றுக்கும் சமபங்கு. தரம் 5 இல் மேசை வேலை கூடும். பிள்ளை வளர வளர அதே தொனிப்பொருள்கள் விரிந்து விரிந்து திரும்ப வரும். குடிக்கவும் குளிக்கவும் என்று முதலாம் தரத்தில் தொடங்கும் நீர், நான்காம் தரத்தில் எங்கிருந்து வருகிறது, எப்படிச் சேமிக்கிறோம், எப்படி மாசடைகிறது என்று பெருகியிருக்கும்.

பாடத்திட்டம் மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்தில் உருவாகிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அச்சிடும் புத்தகம் 1980 முதல் இலவசமாகப் பிள்ளையின் கைக்கு வருகிறது. நுவரெலியாவில் அருவிச் சத்தத்தோடு கண்விழிக்கும் பிள்ளைக்கும், காலியில் மாதந்தோறும் மழை காணும் பிள்ளைக்கும், கிளிநொச்சியில் மழைக்காக ஐப்பசி வரை பார்த்திருக்கும் பிள்ளைக்கும் அதே புத்தகம்தான். நாடு முழுவதற்கும் எழுதும்போது அதற்கு மேல் செய்ய முடியாது. அவரவர் ஊரை அந்தப் புத்தகத்துக்குள் கொண்டுவருவது ஆசிரியரின் வேலை.

வன்னி உலர் வலயம். ஆண்டுக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறும் நிலப்பரப்பை அப்படிச் சொல்கிறோம். அந்த மழையிலும் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். கனகராயன் ஆறு, பேராறு, பாலியாறு என்று ஆறுகள் இருந்தாலும் அவை மழைக்கு ஓடிக் கோடையில் மணலாகிவிடுபவை. மூன்று மாதத்து மழையைப் பிடித்துவைத்துப் பன்னிரண்டு மாதம் வாழ்வதுதான் இங்கே வாழ்க்கை. அதற்காகவே இங்கே இத்தனை குளங்கள். 1895 இல் ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதிய கையேட்டைப் புரட்டினாலும் குளங்களைத் தாண்டிப் போக முடியாது. ஆகவே வன்னியில் நீரைப் பற்றிப் படிப்பதென்றால் குளத்தைப் பற்றிப் படிப்பதுதான்.

திங்கட்கிழமை ஆசிரியை பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்களை எல்லாம் மேசையில் வரிசையாக வைக்கச் சொன்னார். பிறகு ஒரே ஒரு கேள்வி: இந்தத் தண்ணி எங்கயிருந்து வந்தது?

“எங்கட கிணத்துத் தண்ணி ரீச்சர். அப்பா அள்ளித் தந்தவர்.”

“எங்கட வீட்டில கிணறு வத்திப்போச்சு ரீச்சர். பவுசரில வாறதை அம்மா பரலில பிடிச்சு வைச்சிருக்கிறா.”

“நாங்கள் கடையில வாங்கிறது. கிணத்துத் தண்ணி குடிச்சாச் சிறுநீரகத்துக்குக் கூடாதெண்டு அம்மம்மா சொன்னவ.”

கரும்பலகையில் நான்கு நிரல்கள் விழுந்தன: கிணறு, குழாய், பவுசர், கடை. ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரைப் பொருத்தமான நிரலில் எழுதியது. ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் அருகருகே இருக்கும் பிள்ளைகள் வெவ்வேறு நிரல்களில் இருந்தார்கள். வாய்க்கால் ஓரத்துப் பிள்ளைகளின் கிணறுகளில் கோடையிலும் தண்ணீர் இருக்கிறது. குளத்து நீர் வாய்க்காலில் ஓடும்போது நிலத்தடிக்குள்ளும் ஊறுவதால் அது. மேட்டு நிலத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அந்த மேட்டு நிலத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1958, 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த குடும்பங்கள் வன்னியில் குடியேறின. கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்கள் அவர்களால் நிறைந்தவை. அவர்களில் மிகப் பலருக்குக் குளத்தின் கீழ் வயற்காணி கிடைக்கவில்லை. அவர்கள் அடுத்தவரின் வயலில் கூலிக்கு நாற்று நட்டார்கள், களை பிடுங்கினார்கள், கதிர் அறுத்தார்கள். கரும்பலகையின் நான்கு நிரல்களில் அந்த வரலாறு முழுவதும் இருக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதை இப்போதே விளக்கவேண்டியதில்லை. ஆனால் எல்லோர் வீட்டிலும் தண்ணீர் ஒரேமாதிரி வருவதில்லை என்பதை அந்த வகுப்பு அன்று கண்ணால் கண்டது. நீர்ப் பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை தமிழ்ப் பாடத்துக்கு ஒரு விருந்தினர் வந்தார். ஊர்க் கமக்காரர் அமைப்பில் நீண்ட காலம் இருந்த முதியவர். பிள்ளைகள் அவரை ஐயா என்றார்கள். ஆசிரியை ஒரு குளத்தின் படத்தைப் பலகையில் வரைய, ஐயா ஒவ்வொரு பகுதியாகச் சொல்லிக்கொண்டு போனார். நீரைத் தாங்கி நிற்பது குளக்கட்டு. நீர் ஏறி இறங்கும் கரையோரம் அலைகரை. வயலுக்கு நீரை அளந்து விடும் இடம் துருசு. குளம் நிறைந்து மிஞ்சியது கட்டை உடைக்காமல் வழிந்தோடும் வழி வான். துருசிலிருந்து வயல் வரை போவது வாய்க்கால். பிள்ளைகள் சொற்களைக் கொப்பியில் எழுதினார்கள், ஒவ்வொன்றையும் வைத்து ஒரு வசனம் எழுதினார்கள்.

“ஐயா, துருசை ஆர் திறக்கிறது?” என்று ஒரு பிள்ளை கேட்டது.

“நினைச்ச நேரம் நினைச்ச ஆள் திறக்கேலாது மோனை. கூட்டத்தில எல்லாரும் சேந்து நாள் குறிக்கவேணும். அந்த நாளில, அதுக்குப் பொறுப்பானவர்தான் திறப்பார்.”

இன்று வீட்டுக்குப் போய் இந்தச் சொற்களை அம்மா அப்பாவிடம் கேட்டு வாருங்கள் என்று ஆசிரியை சொல்லிவிட்டார். மறுநாள் பிள்ளைகள் கொண்டுவந்த பதில்கள் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன. வானும் வாய்க்காலும் பல பெற்றோருக்குத் தெரிந்திருந்தன. அலைகரையும் துருசும் மிகச் சிலருக்கே தெரிந்திருந்தன. அம்மப்பா, அம்மம்மா இருக்கும் வீடுகளிலிருந்துதான் முழுமையான விளக்கங்கள் வந்தன.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தப் பதில்கள்தான். இன்று தரம் 1 இலும் 2 இலும் பிள்ளைகளை விட்டிருக்கும் இளம் பெற்றோரில் பலர் 2009 இல் தாங்களே பாடசாலைப் பிள்ளைகள். 2008 இல் அவர்களின் பாடசாலைகள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தன. மரத்தடியில் வகுப்பு, பிறகு தறப்பாளின் கீழ் வகுப்பு, பிறகு வகுப்பே இல்லை. போர் முடிந்தபோது சுமார் மூன்று இலட்சம் மக்கள் முகாம்களில் இருந்தார்கள், பெரும்பாலோர் செட்டிகுளம் மனிக் பாமில். அங்கே கூடாரங்களுக்குள்ளும் கொட்டில்களுக்குள்ளும் மீண்டும் எழுத்துப் படிப்பித்தார்கள். அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது.

அவர்களுக்கு மூத்தவர்களின் கதையும் அதுவே. 1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இடப்பெயர்வு, 1996 இல் கிளிநொச்சியிலிருந்து காட்டுக்குள் போன இடப்பெயர்வு என்று அவர்களுடைய பாடசாலைக் காலமும் துண்டு துண்டானது. கணிதமும் மொழியும் விடுபட்டதை நாங்கள் பேசியிருக்கிறோம். விடுபட்டவற்றைச் சுருக்கிப் படிப்பிக்க விசேட பாடத்திட்டங்களும் வந்தன. குளக்கட்டில் தகப்பனோடு நடந்து, துருசு திறக்கும் நாளில் பக்கத்தில் நின்று, கேட்டுக் கேட்டுப் பழகும் அறிவும் அந்த ஆண்டுகளில்தான் விடுபட்டது. அதற்கு யாரும் விசேட பாடத்திட்டம் எழுதவில்லை. அது எந்தப் பரீட்சையிலும் வராததால் விடுபட்டது யாருக்கும் தெரியவும் இல்லை.

அந்த அறிவு பாட்டன் தலைமுறையிடம் இருக்கிறது, பேரன் தலைமுறைக்குத் தேவைப்படுகிறது, நடுவில் உள்ள கண்ணி அறுந்துபோயிருக்கிறது. அதை மீண்டும் பொருத்தக்கூடிய இடம் ஆரம்பப் பாடசாலை ஒன்றுதான். ஊரின் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகச் சேரும் ஒரே இடம் அது.

புதன்கிழமை கணிதம். இரணைமடு நிறைந்தால் 36 அடி என்று வானொலியிலும் வீட்டிலும் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். 36 அடி எவ்வளவு? அடிமட்டத்தோடும் நீண்ட கயிற்றோடும் எல்லோரும் முற்றத்துக்குப் போனார்கள். ஒவ்வோர் அடிக்கும் ஒரு முடிச்சு. முப்பத்தாறாவது முடிச்சு விழுந்தபோது கயிறு பாடசாலையின் கேற் வரை போயிருந்தது. மீற்றரில் ஏறத்தாழ பதினொன்று. அந்தக் கயிற்றை நிமிர்த்தி நிறுத்தினால் தென்னை உயரம் வருமா என்று பிள்ளைகள் தங்களுக்குள் வாதாடினார்கள். ஆழம் என்றால் என்ன என்பதை அந்த வாதாட்டம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

பிறகு மழைமானி. வெட்டிய பிளாஸ்ரிக் போத்தல், ஒட்டிய அடிமட்டத் தாள், அவ்வளவுதான். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர். இந்த ஒரு கணக்கை மட்டும் பிள்ளை பிடித்துக்கொண்டால் வானிலை அறிவித்தலில் சொல்லப்படும் 100 மில்லிமீற்றர் அதன் கைக்குள் வந்துவிடும். போருக்குப் பின் இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீட்டின் பரப்பு 550 சதுர அடி. அது ஏறத்தாழ 51 சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் மழை பெய்யும் நாளில் அந்த ஒரு கூரையில் விழுவது 5,000 லீற்றருக்கும் மேல். ஆயிரம் லீற்றர்த் தாங்கிகள் ஐந்து நிறையும். பவுசர் நிரலில் பெயர் எழுதிய பிள்ளைகள் இந்தக் கணக்கை இரண்டு தரம் செய்து பார்த்தார்கள். மழைநீர் சேகரிப்பைப் பற்றி எத்தனையோ பதாகைகள் வைத்திருக்கிறோம். அவற்றால் ஆகாததை ஒரு பெருக்கல் கணக்கு செய்தது.

ஏக்கர் அடி என்ற அளவு தரம் 4 க்குப் பெரிது. என்றாலும் ஒரு ஏக்கர் வயலில் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அதுவே ஏக்கர் அடி என்று ஆசிரியை சொல்லிவைத்தார். லீற்றரில் பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேல். இரணைமடு கொள்வது ஒரு இலட்சம் ஏக்கர் அடிக்கும் அதிகம். 1902 இல் தொடங்கி 1920 இல் கட்டி முடித்த குளம் அது. பின்னர் கட்டம் கட்டமாகக் கட்டு உயர்ந்து, அண்மைய புனரமைப்போடு 36 அடிக்கு வந்தது. அதன் கீழ் இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல். பெரிய குளங்களையும் நடுத்தரக் குளங்களையும் நீர்ப்பாசனத் திணைக்களம் பார்க்கிறது. 80 ஹெக்டேயருக்குக் குறைந்த வயல் கொண்ட சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடமும் ஊர்க் கமக்காரர் அமைப்புகளிடமும் இருக்கின்றன. அந்தச் சிறு குளங்களில்தான் ஊரின் கவனம் குறையும்போது தூர் மேடாகிறது, அலைகரை வேலிக்குள் போகிறது.

வியாழக்கிழமை குளத்துக்கே போவதாக இருந்தது. வாகனச் செலவு, அனுமதி, பொறுப்பு என்று மூன்றும் சேர்ந்து அது நடக்கவில்லை. பதிலாக வகுப்பு நடைதூரத்தில் இருக்கும் வாய்க்காலுக்குப் போனது. இறங்குமுன் ஆசிரியை பாதுகாப்பைச் சொன்னார். வன்னிப் பிள்ளைக்குச் சொல்லவேண்டிய பாதுகாப்புப் பட்டியல் மற்ற மாவட்டப் பிள்ளைகளுக்குரியதைவிட நீளமானது. குளத்தில் முதலை உண்டு. வாய்க்காலில் நீர் திறந்தால் இழுப்பு உண்டு. தெரியாத இரும்பைத் தொடக்கூடாது, சிவப்பு நிற எச்சரிக்கைப் பலகையைத் தாண்டக்கூடாது. இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி கண்ணிவெடி அகற்றுவதற்கு வைத்த காலக்கெடு 2028 ஜூன். முகமாலை போன்ற இடங்களில் ஆண்டுக்கணக்காக மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறியிருக்கிறார்கள். அந்த வேலை முழுதாக முடியும் வரை நீர்ப் பாடத்துக்குள்ளும் வெடிபொருள் பாடம் இருந்தே தீரும்.

நீர் அழிக்கவும் செய்யும் என்பதை இந்த ஊர் கண்டிருக்கிறது. 2009 ஜனவரியில் போரின் நடுவே கல்மடுக்குளத்தின் கட்டு உடைக்கப்பட்டது. 2018 டிசம்பர் 21 இரவு பெய்த பெருமழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர்கள் வெள்ளத்துக்குள் போயின. வான் எங்கே இருக்கிறது, அது பாய்ந்தால் நீர் எந்தப் பக்கம் போகும், எங்கள் வீடு அந்த வழியிலா இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை வெள்ள அறிவித்தல் வரும்போது வீட்டாரை எழுப்பும். அந்த அறிவு ஓர் உயிரைக் காக்கக்கூடியது.

வெள்ளிக்கிழமை வகுப்பு ஒரு பயிர்ச்செய்கைக் கூட்டமாக மாறியது. சிறுபோகத்துக்கு முன் மாவட்டச் செயலகத்தில் அப்படித்தான் கூடுவார்கள்: அரசாங்க அதிபர் தலைமையில், நீர்ப்பாசனப் பொறியியலாளரும் கமக்காரர் அமைப்புகளும் இருந்து, குளத்தில் எஞ்சியிருக்கும் நீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவெடுப்பார்கள். ஒரு பிள்ளை அரசாங்க அதிபர், ஒரு பிள்ளை பொறியியலாளர், மற்றவர்கள் கமக்காரர். பாதிக் குளம்தான் இருக்கிறது என்று பொறியியலாளர் சொன்னதும் சத்தம் எழுந்தது. எல்லோருக்கும் முழுக்காணிக்கும் வேண்டும். ஒருவர் விட்டுக்கொடுத்தால்தான் மற்றவருக்குக் கிடைக்கும் என்பதைக் கண்டுபிடிக்க அவர்களுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அப்போது பவுசர் நிரலில் பெயர் எழுதிய பிள்ளை எழுந்து கேட்டது: “எங்களுக்கு வயல் இல்லை. குடிக்கிறதுக்கு எவ்வளவு வைச்சிருக்கிறியள்?”

கூட்டம் அமைதியாகிவிட்டது. கடைசியில் அரசாங்க அதிபர் குடிநீருக்கு முதலில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பிரித்தார். பெரியவர்கள் இதே கேள்வியோடு ஆண்டுக்கணக்காகப் போராடியிருக்கிறார்கள். இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டம் கிளிநொச்சிக் கமக்காரரின் எதிர்ப்பில் சிக்கியது. பின்னர் அதற்கு மாற்றாகத் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் எழுந்து 2024 இல் திறக்கப்பட்டது. வயலும் தாகமும் ஒரே குளத்தை நம்பியிருக்கும்போது பங்கிடுவது எப்படி என்ற கேள்வி இந்தப் பிள்ளைகளின் காலத்தில் இன்னும் கூர்மையாகும். அதை ஒன்பது வயதில் ஒருமுறை நேரில் சந்தித்தவர்கள் பெரியவர்களாகி நியாயமாகப் பேசுவார்கள் என்று நம்புகிறேன்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று பல பெற்றோர் கேட்பார்கள். அடுத்த ஆண்டு தரம் 5, புலமைப்பரிசில் பரீட்சை. தரம் 3 இலேயே மாதிரி வினாத்தாள் தொடங்கிவிடுகிறது. நீர்ப் பாடமும் அதற்குள் போனால் மூன்று விடைகளில் ஒன்றைத் தெரிவதாகச் சுருங்கிவிடும். வன்னிப் பெற்றோரின் அவசரம் எனக்கு விளங்காமல் இல்லை. எல்லாவற்றையும் இழந்தவர்களுக்குப் பிள்ளையின் படிப்புத்தான் மிஞ்சிய சொத்து. ஆனாலும் கயிற்றில் முடிச்சுப் போட்டு 36 அடியை அளந்த பிள்ளை வினாத்தாளில் வரும் அளவைக் கணக்குக்குத் தடுமாறாது. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் பேசிய பிள்ளைக்கு ஒரு கட்டுரை எழுதச் சொற்கள் குறையாது.

இன்னொரு பயமும் உண்டு. ஊர்த்தொழிலைப் பாடசாலையில் படிப்பித்தால் பிள்ளையை ஊரோடு கட்டிப்போட்டுவிடுவார்கள் என்ற பயம். 1972 சீர்திருத்தம் இடைநிலை வகுப்புகளுக்குத் தொழில்முன்னிலைப் பாடங்களைக் கொண்டுவந்தது. அந்தந்த ஊரின் தொழில்களைப் பாடசாலைக்குள் எடுத்த நல்ல முயற்சி அது. ஆனால் அதை இரண்டாந்தரக் கல்வியாகப் பல பெற்றோர் பார்த்தார்கள். 1977 இல் ஆட்சி மாறியதும் அது போய்விட்டது. அந்தத் தோல்வியில் நமக்குப் பாடம் இருக்கிறது: ஊர் அறிவைத் தனிப் பாடமாகப் பிரித்து வைத்தால் அது ஒதுங்கிவிடும். மொழிக்குள்ளும் கணிதத்துக்குள்ளும் கலந்துவிட்டால் யாரும் பிடுங்கி எறிய முடியாது. இந்த ஆசிரியை செய்வது அதைத்தான்.

அதிபர்களிடம் நான் கேட்பது பெரிய செலவு இல்லாத மூன்று காரியங்கள். ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு மழைமானி வையுங்கள், அன்றைய அளவை ஒரு பிள்ளை பலகையில் எழுதட்டும். தவணைக்கு ஒருமுறை ஊரின் மூத்த கமக்காரர் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளைத் தக்க பாதுகாப்போடு பக்கத்துக் குளக்கட்டுக்குக் கூட்டிப்போக வழி செய்யுங்கள். வலயக் கல்வி அலுவலகங்கள் அதற்கு ஒரு வாகனத்தையும் விரைவான அனுமதியையும் தந்து உதவவேண்டும்.

பெற்றோரிடம் கேட்பது ஒன்றுதான். பிள்ளை வந்து துருசு என்றால் என்ன என்று கேட்டால், தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த வீட்டு அப்புவிடம் இருவருமாகப் போய்க் கேளுங்கள். அந்தச் சொற்களை அறிந்தவர்களில் பலருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

(தொடரும்)